இலங்கைக் கிளையை ஹட்டனில் தொடங்கலாமா? 20 கையெழுத்து வேண்டும், 9தான் கிடைத்திருக்கிறது

நோர்வூட்_இயந்திரம்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இயந்திரப் பொறியியலாளன். ஊர் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். பேராதனையில் படித்தேன். ஓமானில் எட்டு வருடம் பம்பு, டர்பைன், விசிறி என்று சுழலுகிற எல்லாவற்றின் அதிர்வையும் அளந்து பழுது கண்டுபிடிக்கிற வேலை. 2019இல் ஊர் திரும்பினேன். இப்போது ஹட்டன் டவுனில் ஒரு சின்ன அறை, ஓர் அதிர்வுமானி, ஒரு பழைய வேன். தேயிலை ஸ்டோர்களும் (தோட்டத் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஆற்றோரத்துச் சிறு நீர்மின் நிலையங்களும்தான் வாடிக்கையாளர்கள்.

ஓமானில் இருந்தபோது இந்தத் துறைக்கென்றே உள்ள ஓர் உலகளாவிய பொறியியலாளர் சங்கத்தில் சேர்ந்தேன். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். மஸ்கட் கிளை மாதம் ஒருமுறை கூடும். பல்கலைக்கழகத்தில் படித்ததைவிட அந்தக் கூட்டங்களில் கற்றதுதான் எனக்கு இன்றும் சோறு போடுகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல். இலங்கையில் இன்னும் கிளை இல்லையாம், நான் முன்னின்று தொடங்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சந்தா கட்டிய முழு உறுப்பினர்கள் 20 பேரின் கையெழுத்து, நான்கு பேர் கொண்ட இடைக்காலக் குழு, உள்ளூர் வங்கிக் கணக்கு, வருடத்துக்கு நான்கு தொழில்நுட்பக் கூட்டம், இவ்வளவும் வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து கூட்டம் நடக்காவிட்டால் கிளையை மூடிவிடுவார்கள்.

சந்தோஷமாகத்தான் சரி என்றேன். அப்புறம்தான் சிக்கல்கள்.

அவர்கள் அடுத்து அனுப்பிய மின்னஞ்சலின் முதல் கேள்வியே, தொடக்க விழா கொழும்பில் எந்த ஹோட்டலில் என்பதுதான். கொழும்பா ஹட்டனா என்று யாரும் கேட்கவில்லை. வேறொரு சங்கத்தின் விரிவுரைக்காகப் போன வருடம் ஒருமுறை கொழும்பு போனேன். வேலை நாள், மாலை ஆறு மணிக்குத் தொடக்கம். ஹட்டனிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். விரிவுரை அருமை, குறை சொல்ல மாட்டேன். முடிந்தபோது மலைக்குத் திரும்ப வழி இல்லை, புறக்கோட்டையில் ஒரு லொட்ஜில் மூட்டைப்பூச்சியோடு படுத்துவிட்டு மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தேன். கேட்டது 45 நிமிடம், போனது இரண்டு நாள் கூலி. எனக்கே இப்படியென்றால் பொகவந்தலாவையில் வேலை செய்கிற ஒருவன் வருடத்துக்கு நான்கு தடவை வருவானா?

கையெழுத்து இதுவரை ஒன்பது. அதில் இரண்டு பேர் என் பேட்ச் நண்பர்கள், எனக்காகச் சேர்ந்தவர்கள். சங்கம் என்ன செய்கிறது என்று அவர்களிடம் கேட்டால் முழிப்பார்கள். இதே மாதிரி முகதாட்சண்யத்துக்கு இன்னும் பதினொரு பேரைப் பிடிக்க என்னால் முடியும். பிடிக்கலாமா என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாவது விஷயம்தான் உண்மையில் என்னைக் குடைகிறது. முழு உறுப்பினராகப் பொறியியல் பட்டம் வேண்டும். மலையகத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டம் கிடையாது.

என் அப்பா ஸ்டோரில் ஃபிட்டர், முப்பத்தோரு வருடம். தோட்டத்துக்குச் சொந்தமாக ஆற்றோரத் தகரக் கொட்டகையில் ஒரு பெல்டன் டர்பைன், தண்ணீரைப் பீய்ச்சிச் சுழற்றுகிற சக்கரம், இருந்தது. இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் செய்தது. வார்ப்பு இரும்பில் கில்க்ஸ் என்ற பெயர் புடைத்து நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் சாப்பாட்டுத் தூக்கோடு நான் இறங்கிப் போவேன். அப்பா ஒரு நீள ஸ்க்ரூட்ரைவரின் நுனியை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "அரிசி களையற சத்தம் வந்தா நல்லா இருக்கு. கல்லு மெல்லுற சத்தம் வந்தா மாத்தணும்" என்பார். தண்ணீரை அடைத்துவிட்டால் சக்கரத்தின் வாளிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார். மணல் தின்ற வாளி பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். என் விரலைப் பிடித்தும் வைத்துக் காட்டியிருக்கிறார்.

இருபது வருடம் கழித்து ஓமானில் இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதியான கருவியின் திரையில் பேரிங் பழுதின் அலைவரிசையை முதல்முறை பார்த்தபோது, இதைத்தானே அப்பா கல் மெல்லுகிற சத்தம் என்றார் என்று தோன்றியது.

அப்பா இன்று இல்லை. இருந்திருந்தால் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் அடையாளம் போடுவார்? "துணை உறுப்பினர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவருக்கு வாக்கு இல்லை. அந்த 20இலும் அவரை எண்ண மாட்டார்கள்.

வெளிநாட்டுச் சங்கத்தின் கிளையை இங்கே தொடங்கிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? சட்டம், வங்கி, இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தோடு முறுகல் வருமா, எதுவானாலும் சொல்லுங்கள்.

—

பேராதனை_பழசு:

தம்பி, நானும் பேராதனைதான். பொறியியல் பீடம் கொழும்பிலிருந்து மலைக்கு வந்தது 1964இல். நான் போனது அதற்குச் சில வருடம் கழித்து. மின்சாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்று இப்போது கம்பளையில் மிளகுக்கொடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் வேன் ஓட்டுகிற பாதையிலேயே இருக்கிறது. சிலோன் பொறியியல் சங்கம் 1906இல் தொடங்கியது. அப்போது அது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் வட்டம். 1918இல் அதன் கூட்டத்தில் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் ஒரு கட்டுரை வாசித்தார். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா என்ற ஆறுகளுக்கு அணை கட்டி மின்சாரம் எடுக்கலாம், நாட்டுக்கே கொடுக்கலாம் என்றார். அரசாங்கம் காது கொடுக்கவில்லை. வேலை தொடங்கியது, நின்றது, மறுபடி இழுத்தது. மனிதர் பொறுக்காமல் 1931இல் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கே போட்டியிட்டுப் போய் அங்கேயும் இதையே பேசினார். லக்சபான நிலையம் 1950இல்தான் ஓடியது. 32 வருடம்! 1953இல் அவர் இறந்தார். நோர்ட்டன் பிரிட்ஜில் இன்று அவர் பெயரில் நீர்மின் நிலையம் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சங்கம் அன்று அவருக்குப் பணம் கொடுக்கவில்லை, பதவி கொடுக்கவில்லை. ஒரு மேடை கொடுத்தது, வாசித்ததைப் பதிவு செய்து வைத்தது. உங்கள் கிளை அதைச் செய்யுமா என்று பாருங்கள். ஆள் எண்ணிக்கை அப்புறம்.

அந்தச் சங்கம்தான் பிறகு பொறியியலாளர் நிறுவனமாக மாறியது. 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நிலை பெற்றது. அதனால்தான் நம் பிள்ளைகளின் பட்டம் வெளிநாட்டில் செல்லுபடியாகிறது. அவர்களோடு போட்டிக்கு நிற்காதீர்கள், முதலில் போய்ப் பேசுங்கள். ஐ-ட்ரிபிள்-ஈ (மின், மின்னணுப் பொறியியலாளர்களின் உலகச் சங்கம்), லண்டன் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் எல்லாம் இங்கே கிளை வைத்து வருடக்கணக்காக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முறுகல் ஒன்றும் இல்லை. நிறுவனத்தில் இருக்கிற அதே ஆட்கள்தான் அங்கேயும் இருப்பார்கள்.

ஒன்று மட்டும் கவனம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் சபை என்று ஒன்று வந்திருக்கிறது. இங்கே தொழில் செய்வதற்கான பதிவு அங்கேதான். உங்கள் சங்க உறுப்புரிமை தொழில் அனுமதி ஆகாது என்பதை முதல் துண்டுப் பிரசுரத்திலேயே தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள். பையன்கள் அட்டையைக் காட்டி வேலை பிடிக்கப் பார்ப்பார்கள், கெட்ட பெயர் உங்களுக்கு.

இன்னொன்று. 1818இல் லண்டனில் ஒரு காப்பிக்கடையில் சில இளைஞர்கள் கூடித்தான் சிவில் பொறியியலாளர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இரண்டு வருடம் அது ஊர்ந்துகொண்டே இருந்தது. 1820இல் பாலமும் சாலையும் கட்டிப் பெயர்பெற்ற தோமஸ் டெல்ஃபர்டைத் தலைவராகக் கொண்டுவந்த பிறகுதான் எழுந்தது. ஆகவே பெயர் தெரிந்த ஒரு மூத்தவரைத் தலைமைக்குப் பிடியுங்கள். என்னைச் சொல்லவில்லை, எனக்கு மிளகு இருக்கிறது.

—

சலாலா_சுந்தரம்:

மச்சான், மஸ்கட் கூட்டத்தைப் பற்றி இவ்வளவு பக்தியாக எழுதியிருக்கிறாய். நீ முதல் ஆறு மாதம் பிரியாணிக்குத்தான் வந்தாய் என்பதை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் விஷயம் இருக்கிறது. அந்தக் கிளை ஏன் ஓடியது? எல்லாருடைய சந்தாவையும் கம்பனி கட்டியது, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கம்பனி கொடுத்தது. 2014 கடைசியில் எண்ணெய் விலை விழுந்ததும் முதலில் வெட்டியது இந்தச் செலவைத்தான். அறுபது பேர் வந்த கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்தார்கள், உனக்கே ஞாபகம் இருக்கும். அந்தப் பதினைந்து பேர் ஏன் வந்தார்கள் என்று யோசி. ஒவ்வொருவனும் தன் பிளான்டில் கழற்றிய பேரிங்கைச் சாக்குத் துணியில் சுற்றிக் கொண்டு வருவான். மேசையில் வைத்து, இது ஏன் போனது என்று கேட்பான். அந்த கிரீஸ் படிந்த மேசைதான் கிளை. மற்றதெல்லாம் பிரியாணி.

ஹட்டனில் உனக்குச் சந்தா கட்டக் கம்பனி கிடையாது. ஆனால் பழுதான பேரிங்குக்குப் பஞ்சமில்லை.

மூத்தவர் சொன்ன பெரிய தலை யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஐயா மன்னிக்கவும். டெல்ஃபர்ட் மாதிரி தலைவர் கிடைத்தால் சரி. நம் ஊரில் கிடைக்கிற தலைவர் பொன்னாடைக்கு வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், போய்விடுவார். அடுத்த கூட்டத்துக்கு அவர் செயலாளரின் செயலாளர் வருவார்.

—

வெள்ளவத்தை_வோல்ட்:

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். தேசியக் கிளையை ஹட்டனில் தொடங்கினால் அது மலையகத் தமிழர் சங்கம் என்றுதான் பேர் எடுக்கும். மொரட்டுவையில் படித்த சிங்களப் பொறியியலாளர் யாராவது அங்கே வருவாரா? தலைமையகமும் ஒரு வருடத்தில், "உங்கள் நாட்டுப் பொறியியலாளர்கள் எங்கே" என்று கேட்கும். கொழும்பில் தொடங்கிவிட்டு ஹட்டனில் ஒரு உபகுழு வையுங்கள்.

—

நோர்வூட்_இயந்திரம்:

வோல்ட், கோபம் இல்லை. ஆனால் ஒரு தடவை ஸ்டோருக்குள் வந்து பாருங்கள். நான் போகிற தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கிற இன்ஜினியர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். அவர்களும் கண்டி, நுவரெலியா, பதுளை என்று இங்கேதான் கிடக்கிறார்கள். கொழும்புக் கூட்டத்துக்கு அவர்களாலும் போக முடியாது. என்னுடைய ஒன்பது கையெழுத்தில் மூன்று அவர்களுடையது. மூன்றும் கேட்காமலே வந்தவை. முகதாட்சண்யத்துக்குப் போட்ட இரண்டும் தமிழ்க் கையெழுத்து, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"உபகுழு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி ஞாபகம் வருகிறது. கட்டடம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், மருந்து கீழே டவுனில்தான் இருக்கும்.

சுந்தரம், பிரியாணி மூன்று மாதம்தான். ஆறு இல்லை.

—

கண்டிக்_கணக்கு:

நான் பொறியியலாளன் இல்லை, கணக்காய்வாளன். இரண்டு தொழில்முறைச் சங்கங்களின் கணக்கைப் பார்த்திருக்கிறேன், ஒன்றின் கடைசிக் கணக்கையும் நானே எழுதி மூடினேன். ஆகவே பணப் பக்கம் மட்டும்.

முதலிலேயே கம்பனி பதியப் போகாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனி என்று ஒரு வகை இருக்கிறது. இலாப நோக்கமில்லாத சங்கங்கள் அதைத்தான் எடுக்கின்றன. ஆனால் வருடாந்த அறிக்கை, கணக்காய்வு, செயலாளர் கட்டணம் எல்லாம் தொடர்ந்து வரும். இருபது பேர் கொண்ட சங்கம் அந்தச் செலவிலேயே மூச்சுத் திணறும். நான் மூடியது அப்படிப் போனதுதான். கடைசி வருடத்தில் கூட்டம் நடத்திய செலவு பூஜ்யம், பத்திரம் தாக்கல் செய்த செலவு மட்டும்தான் ஏட்டில் இருந்தது.

வங்கிக்குப் போனால் யாப்பு (சங்கத்தின் விதிகள்) எங்கே, கணக்குத் திறக்கச் சொன்ன கூட்டத்தின் தீர்மானம் எங்கே, கையெழுத்திடுபவர்கள் யார் என்று கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் என்றால் இன்னும் நாலு கேள்வி. அதனால் முதல் வருடம் கணக்கே இல்லாமல் ஓட்டப் பாருங்கள். சந்தாவைத் தலைமையகம் நேரடியாக இணையத்தில் வாங்கட்டும். உங்கள் செலவு வடை, டீ, போட்டோக்கொப்பி. ஒரு கொப்பியில் எழுதி ரசீதை ஒட்டி வையுங்கள். கணக்குக்குக் காலக்கெடு கொடுக்கும்படி எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

தயவு செய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்குக் கட்டக்கூடிய கார்ட் எல்லாரிடமும் இருக்காது, உங்களிடம் இருக்கும். "நீங்க கட்டுங்கண்ணே, காசை நான் தாறேன்" என்பார்கள். பதினைந்து பேருக்கு உங்கள் கார்டில் டொலர் கட்டினால் வங்கி உங்களைத்தான் கூப்பிடும். பாதிக் காசு வரவும் வராது.

சந்தா எவ்வளவு என்று சொல்லவில்லையே? டொலரில் இருந்தால் 2022ஐ மறக்க வேண்டாம். அந்த வருடத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய், மே மாதம் 360ஐ எட்டியது. என் வாடிக்கையாளர்கள் பலர் வெளிநாட்டு உறுப்புரிமையைக் கைவிட்டது அந்த வருடம்தான். நாட்டின் வருமான நிலையைப் பார்த்துச் சந்தா குறைக்கிற சங்கங்கள் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் அவர்கள் எந்த வருடத்துப் பட்டியலை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உலக வங்கி 2019இல் நம்மை மேல் நடுத்தர வருமான நாடு என்று ஏற்றியது, 2020இலேயே கீழ் நடுத்தரத்துக்கு இறக்கிவிட்டது. அந்த ஒரு வருடப் பட்டியல் கையில் இருந்தால் நீங்கள் தேவையில்லாமல் பணக்காரன். அது இல்லாவிட்டாலும் ஐ-ட்ரிபிள்-ஈயில் வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதிச் சந்தா என்று சலுகை இருக்கிறது, அதை முன்மாதிரியாகக் காட்டிக் கேளுங்கள்.

—

தலவாக்கலை_ரமணி:

அண்ணா, நான் உயர் தேசிய டிப்ளோமா. தேயிலைத் தொழிற்சாலைகளில் பராமரிப்பு மேற்பார்வை, ஒன்பது வருடம். உங்கள் படிவத்தின்படி நானும் உங்கள் அப்பாவும் ஒரே கட்டம்தான்.

ஆனால் நீங்கள் படிவத்தை மட்டும் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். அதிர்வு ஆய்வாளர்களுக்கான சான்றிதழ் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 18436இன் இரண்டாம் பகுதிப்படி நான்கு படிகள். அதில் சேரப் பட்டம் கட்டாயம் இல்லை. பயிற்சி, வேலை அனுபவம், பரீட்சை. முதல் படிக்கு ஆறு மாத அனுபவம் போதும். உங்கள் சங்கம் இந்தச் சான்றிதழையும் கொடுக்கிறதென்றால், ஒரு கையால் "நீ அதிர்வு ஆய்வாளர்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு மறு கையால் "உனக்கு வாக்கில்லை" என்று சொல்கிறது. இதை அப்படியே எழுதிக் கேளுங்கள். வாஷிங்டன் உடன்படிக்கை பட்டதாரிகளுக்கு. அதன் பக்கத்திலேயே தொழில்நுட்பவியலாளர்களுக்கு 2001இல் சிட்னி உடன்படிக்கையும், தொழில்நுட்பர்களுக்கு 2002இல் டப்ளின் உடன்படிக்கையும் வந்துவிட்டன. இங்கே பொறியியல் சபையே டிப்ளோமாக்காரர்களுக்கும் பதிவு வைத்திருக்கிறது. உங்கள் சங்கம்தான் பின்னால் நிற்கிறது.

இடத்தைப் பற்றி. ஹட்டனிலும் ஹோட்டல் வேண்டாம். மாலைக் கூட்டமே வேண்டாம். எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்தால் நான் தலவாக்கலைக்கு எப்படி வருவது? ஆண்கள் மோட்டார் சைக்கிளில் போய்விடுவீர்கள். கூட்டத்தை ஒரு ஸ்டோரிலேயே வையுங்கள், திங்கள் காலையில். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து கிடையாது. திங்கள் பறித்த கொழுந்து வாடி ரோலருக்கு வர இரவாகிவிடும். காலையில் ரோலரும் ட்ரையரும் சும்மா கிடக்கும். எந்த மெஷினையும் நிறுத்தி ஓட்டிப் பார்க்கலாம். தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கரும் திட்ட மாட்டார்.

மொழி விஷயமும் இருக்கிறது. எங்கள் பையன்கள் அதிர்வு என்று சொல்வதில்லை. முழு மெஷினும் ஒரே சீராக அசைந்தால் "ஆட்டம்". போல்ட் தளர்ந்து தடதடத்தால் "உதறல்". பேரிங் போனால் "அரைக்குது". மூன்று சொல், மூன்று பழுது. விரிவுரையாளர் இங்கிலீஷில் ஒரு மணி நேரம் விளக்குவதை இவர்கள் கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லிவிடுவார்கள். எழுதத்தான் தெரியாது.

—

பேராதனை_பழசு:

மகள், கடைசிப் பத்தியை இரண்டு தடவை வாசித்தேன். தலைவர் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். செயலாளராக இந்தப் பிள்ளையைப் போடுங்கள்.

—

நோர்வூட்_இயந்திரம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

போன திங்கள் காலை, டிக்கோயாப் பக்கம் ஒரு ஸ்டோரில் கூடினோம். துரை (தோட்ட மேலாளர்) அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: பதினொரு மணிக்குள் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். பதினேழு பேர். இன்ஜினியர்கள் ஐந்து, மற்றவர்கள் ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும். ஓய்வு பெற்ற டீமேக்கர் ஒருவர் சும்மா பார்க்க வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தார். ரமணி நான்கு பையன்களோடு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

ட்ரையர் விசிறி ஒன்று, 22 கிலோவாட் மோட்டார். இரண்டு மாதமாக ஆடுகிறது, பேரிங் மாற்ற ஓடர் போட்டாகிவிட்டது என்றார்கள். ஓடவிட்டு அளந்தால் அதிர்வின் வேகம் நொடிக்கு 7.9 மில்லிமீட்டர். பழைய ஐஎஸ்ஓ 10816 அட்டவணையில் இந்த அளவு மோட்டாருக்கு 7.1ஐத் தாண்டினால் ஓட்டக்கூடாத பகுதி. நான் கணினியைத் திறந்து அலைவரிசைப் படத்தை எடுக்கப் போனேன். அதற்குள் அந்த ஸ்டோரின் ஃபிட்டர், அறுபது வயது இருக்கும், இடுப்பிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை உருவினார். எனக்குக் கை நின்றுவிட்டது. பேரிங் கூட்டில் ஊன்றினார், காதில் வைத்தார், கண்ணை மூடினார்.

"பேரிங்கு நல்லா இருக்கு. இது ஆட்டம். விசிறிலதான் என்னமோ."

திரையில் படம் வந்தது. விசிறி சுற்றுகிற வேகத்திலேயே ஒற்றைக் கோபுரம், பேரிங் அலைவரிசையில் ஒன்றுமே இல்லை. சமநிலை கெட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் பாடப்புத்தகத்தில்கூட இல்லை. விசிறியை நிறுத்தி மூடியைக் கழற்றினோம். இதழ்களில் தேயிலைத் தூசி விரல் கனத்துக்கு அப்பி, இரண்டு இதழில் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. சுரண்டிக் கழுவி மறுபடி ஓட்டினால் 2.6. பேரிங் ஓடரை நிறுத்தினார்கள். நாவலப்பிட்டியிலிருந்து வந்த சிங்கள இன்ஜினியர் ஒருவர் ஃபிட்டரிடம் ஸ்க்ரூட்ரைவரை வாங்கித் தானும் காதில் வைத்துப் பார்த்தார். "மொகுத் எஹென்னே நே" என்று சிரித்தார். ஒன்றும் கேட்கவில்லையாம். "இன்னும் முப்பது வருசம் வைங்க சேர்" என்றார் ஃபிட்டர்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம், தமிழும் சிங்களமும் கலந்து. ரமணியின் மூன்று சொற்களையும் படத்தோடு சேர்த்து ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். சிங்களத்தில் ஆட்டத்துக்கும் உதறலுக்கும் என்ன சொல்வது என்று அங்கேயே ஒரு சண்டை நடந்தது, இன்னும் முடியவில்லை.

கையெழுத்து விஷயம். பேட்ச் நண்பர்கள் இருவரிடமும் பேசி அவர்கள் பெயரை எடுத்துவிட்டேன். ஒருவன் நிம்மதியாகச் சிரித்தான். மற்றவன் வருத்தப்பட்டான், சமாதானப்படுத்த ஒரு சாப்பாடு செலவு. ஒன்பது ஏழானது, அன்றைக்கு நான்கு சேர்ந்தது. ஆக 11. இருபதுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, இந்த வருடம் முடியாமலும் போகலாம்.

தலைமையகத்துக்கு எழுதினேன். கண்டிக்_கணக்கு, உங்களுக்கு ஒரு கும்பிடு. அவர்களிடம் இருந்தது அந்த 2019 பட்டியலேதான்! திருத்திவிட்டார்கள், சந்தா 95 டொலரிலிருந்து 60ஆக இறங்கியது. வங்கிக் கணக்குக்கு ஒரு வருட அவகாசம். கூட்டம் ஹட்டன் பக்கம் என்றதற்கு மறுப்பில்லை, வருடத்தில் ஒன்றை மட்டும் கொழும்பில் வைக்கச் சொல்கிறார்கள். வோல்ட், அந்த ஒன்றை நீங்கள் பொறுப்பெடுங்கள், மாலை ஆறு மணிக்கு வேண்டாம்.

சான்றிதழ் இருப்பவருக்கு வாக்குரிமை என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு வரியில் பதில்: நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம். ரமணி அதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கூட்டத்தில், தேதி என்ன என்று திருப்பிக் கேளுங்கள்" என்றார். கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அடுத்த கூட்டம் வரும் மாதம் மூன்றாவது திங்கள், தலவாக்கலைப் பக்கம். கழற்றிய பேரிங் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கிரீஸைத் துடைக்காமல்.

சுந்தரம் கேட்பான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிரியாணி இல்லை. மாலு பனிஸ் இருபது வாங்கினேன், பிளேன்டீ ஸ்டோர் கொடுத்தது. பனிஸ் ரசீதைக் கொப்பியில் ஒட்டியாகிவிட்டது.